கள்ளிப்புறாவும் காற்றுத் துப்பாக்கியும்

காற்றுத் துப்பாக்கியால் புறா சுட்டு உண்பது குற்றமாகுமோ என்று இராயபுரம், திருவொற்றியூர் அங்கத்தினர் சிலர் நம்மை வினவினர். அமெரிக்காவில் சுடுகிறார்களே என்பது அவர்தம் வாதம். உண்மைதான். பின்கழுத்தில் கறுப்புக் கோடுடைய சாம்பல் நிறக் கள்ளிப்புறா அங்கு வந்தேறி. 1974இல் பஹாமாத் தீவில் கூண்டினின்று தப்பிய சில பறவைகள் பெருகி, புளோரிடா வழியே அந்நாடெங்கும் பரவின. ஆதலால் பல மாகாணங்களில் அதனை வரம்பின்றிச் சுட்டு உண்கின்றனர். இங்கோ அது வந்தேறியன்று. தொன்றுதொட்டு நம் புன்செய் நிலத்தில் உதிர்ந்த தானியமும் களைவிதையும் பொறுக்கி வாழ்வது.

குழப்பம் துப்பாக்கியினால் விளைகிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, விசை குறைந்த காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. அதனால் வேட்டைக்கும் தடையில்லை எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். கள்ளிப்புறா, புள்ளிப்புறா இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 ஆண்டு வரை சிறை, 1,00,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு வேளைக் கறிக்கு இது மிகையான விலை! பிள்ளைகள் கையில் இக்கருவியைக் கொடுத்துள்ள பெற்றோர் இதனை அவர்களுக்கு இன்றே எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

கிடங்கில் புறாத் தொல்லையெனில் சிந்திய தானியத்தைப் பெருக்கி, சன்னல்களுக்கு வலை கட்டுக. சிறு பறவைக் கறியே வேண்டுவோர்க்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடை இருக்கிறது; அதனை வீட்டிலேயே வளர்க்கலாம்.