வீட்டு வாசலில் ஸ்மாஷ் பயிற்சி

கையுந்துபந்துப் பயிற்சி என்றதும் மாணவர்கள் பந்தையும் வலையையும்தான் தேடுகிறார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு நல்ல பந்துகள் இருந்தால் அந்தப் பள்ளி கொடுத்து வைத்த பள்ளி. ஒரு விளையாட்டுப் பாடவேளையில் ஒரு மாணவிக்கு ஸ்மாஷ் அடிக்க ஐந்தாறு வாய்ப்புகள் கிடைத்தாலே அதிகம். மாலையில் தங்கிப் பழகலாம் என்றால், அந்த ஒரு பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாத பிள்ளைகள் பலர். நன்றாகக் குதிக்கும் பெண் பிள்ளைகளை நாம் அணியில் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓடிவருவது, குதிப்பது, கையை ஓங்குவது, பந்தை அடிப்பது, தரையிறங்குவது எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்மாஷ். இவற்றுள் பந்து கட்டாயம் தேவைப்படுவது ஒன்றுக்கு மட்டுமே. மற்றவற்றை வீட்டு வாசலிலேயே பழகலாம்.

முதலில் காலடி. வலது கையால் அடிப்பவருக்கு இடது, வலது, இடது என்று மூன்று அடிகள். இடது கைக்காரருக்கு இது அப்படியே மாறும். முதல் அடி சிறியது, நிதானமானது. இரண்டாவது நீளமானது, வேகமானது. மூன்றாவது அதையொட்டி உடனே விழ வேண்டும். இரண்டாவது அடியில் குதிகால் முதலில் ஊன்றும்போதுதான் முன்னால் வரும் வேகம் மேல்நோக்கித் திரும்புகிறது. அப்படி ஊன்றாத பிள்ளை முன்னால் பாய்ந்து வலையில் மோதும், அல்லது நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். இரண்டாவது அடி வைக்கும்போது இரு கைகளும் பின்னால் போயிருக்க வேண்டும். குதிக்கும்போது முன்வழியாக மேலே வர வேண்டும்.

சுண்ணக்கட்டியால் வாசலில் மூன்று பாதங்களை வரைந்து 1, 2, 3 என எண்ணிட்டுக்கொண்டால் போதும். (அம்மா கோலம் போடாத மாலை நேரம் நல்லது.) முதல் வாரம் நடந்தே பழகட்டும், குதிக்க வேண்டாம். வலது கைக்காரர் வலது காலைக் கடைசியில் வைத்துக் குதிப்பது மிகப் பரவலான தவறு. ஆறாம், ஏழாம் வகுப்பில் அது படிந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன், ஒவ்வொருவரின் காலடியையும் நாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிழையான அசைவை வீட்டில் நூறு முறை செய்தால் பிழைதான் உறுதிப்படும்.

அடுத்து கை. இடது கை பந்தைச் சுட்டுவது போல மேலே இருக்க, வலது முழங்கை தோளுக்குக் கீழே தாழாமல் பின்னால் போக வேண்டும். வில்லில் நாணை இழுப்பது போல. சுவரில் கை முழுவதும் நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு கோடு போட்டு, முனையில் முடிச்சிட்ட துண்டால் அந்தக் கோட்டை அடிக்கச் சொல்லுங்கள். முழங்கை தாழ்ந்தால் முடிச்சு கோட்டுக்குக் கீழே படும். பிள்ளை தன் தவறைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பழைய செய்தித்தாளைப் பந்தாகச் சுருட்டி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு வேப்பங்கிளையில் கட்டினால் குதித்து அடிக்கப் பந்து தயார். முருங்கைக் கிளை வேண்டாம், ஒடிந்துவிடும். விரித்த உள்ளங்கை பந்தின் மேல், தோளுக்குச் சற்று முன்னால் பட வேண்டும்.

குதிப்பது மண்தரையில்தான். சிமெண்டுத் தரையில் தினமும் குதித்தால் முழங்கால் வலி வரும். மொட்டை மாடியில் ஒருபோதும் கூடாது. இதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. இரு கால்களிலும், முழங்காலை மடக்கித் தரையிறங்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது குதிப்புகள் போதும் என்பது என் கருத்து. தோள் வலித்தால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

பெரியவர்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர், சிறுவர் பிரிவுகளில் குறைவாக வைப்பார்கள். வீட்டுச் சுவரில் அந்த உயரத்தைக் குறித்துவிட்டு, சுண்ணப்பொடி தொட்ட விரலால் குதித்துத் தொட்ட இடத்தை வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதட்டும். இரண்டு சென்டிமீட்டர் ஏறினாலும் திங்கட்கிழமை காலை நம்மிடம் ஓடிவந்து காட்டுவார்கள்.

செட்டர் தூக்கிக் கொடுக்கும் பந்துக்கு எந்த நொடியில் ஓடத் தொடங்குவது என்பது மட்டும் வீட்டில் வராது. பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே ஓடிவிடுவது தொடக்கநிலை மாணவரின் இயல்பு. பள்ளியில் கிடைக்கும் அந்த ஐந்தாறு வாய்ப்புகளையும் இதற்கே ஒதுக்கிவிடலாம்.