எல்லைக் கிராமங்களில் மின்சக்தி

மொழி ஓரிடத்திலும் பிழைப்பு மற்றோரிடத்திலுமாக வாழ்வது வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ் மக்கள் அன்றாடம் அறிந்த அனுபவம். அத்தகைய வாழ்வைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் ஒரு நிலப்பகுதி கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் எல்லைக் கிராமங்களையே குறிப்பிடுகிறோம். அங்கு மின்சக்தி மக்களின் பொருள் வாழ்வுக்கு எவ்வாறு துணைசெய்யக்கூடும் என்பதை இங்கே ஆராய்வோம்.

1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அடுத்துள்ள இஞ்சிவிளை கேரளத்தைச் சேர்ந்தது. உறவும் சந்தையும் இரு பக்கமும் கலந்திருக்க, மின்சாரக் கம்பி மட்டும் இரண்டு நிர்வாகங்களைச் சேர்ந்ததாயிற்று. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக அளிக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. எல்லைக்கு அப்பால் எல்லா வீடுகளுக்கும் பொதுவான அத்தகைய சலுகை ஏற்படவில்லை. கேரளம் முழுவதும் மின்வசதி பெற்ற மாநிலமென 2017 இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே கம்பி வந்து சேரவில்லை என்ற பழைய குறை நீங்கிவிட்டது. மின்சாரத்தின் விலையும் அது கிடைக்கும் நேரமுமே இப்போது எழுந்துள்ள கேள்விகள்.

1940 இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் ஆறுகளே கேரளத்துக்கு மின்விசை தந்து வந்துள்ளன. ஆயினும் தேவை வளர்ந்துவிட்டமையால், அம்மாநிலம் பெரும்பகுதி மின்சாரத்தை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது. விளக்கும் விசிறியும் ஒருசேர இயங்கும் மாலை நேரத்தில்தான் தேவை உச்சத்தை எட்டுகிறது. கதிரவனோ நண்பகலில் வாரி வழங்கிவிட்டு மாலையில் மறைந்துவிடுகிறான். இயற்கை தரும் சக்தி வேண்டிய வேளையில் வருவதில்லை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

இச்சிக்கலுக்கு ஒரு நல்ல விடையை நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரையிலேயே காண்கிறோம். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் அமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் 1991 இல் இயங்கத் தொடங்கியது. அதன் அமைப்பு எளியது. அலைத்தடுப்புச் சுவரை அடுத்து ஒரு கான்கிரீட் அறை. அதனுள் அலை ஏறும்போது காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். அக்காற்று ஒரு சுழலியைச் சுற்றும். ஆனால் அலையின் வேகம் நொடிக்கு நொடி மாறும். பருவமழைக் காலத்தில் மிகும், பிறகு தணியும். இத்தகைய நிலையற்ற மின்சாரத்தை ஊர்க் கம்பியில் சேர்ப்பது கடினம். பிற்காலத்தில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிப் பார்த்தனர். நீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் தொட்டியில் சேர்ந்த நீர் எங்கும் போய்விடாது. அந்நிலையம் பின்னர் மூடப்பட்டதெனினும் அது கற்பித்த பாடம் நிலைத்தது: மின்சாரத்தைச் சேமிப்பது செலவு மிக்கது, மின்சாரம் ஆக்கிய பொருளைச் சேமிப்பது எளிது.

இப்பாடத்தைக் கிராமங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். கிணற்று நீரை நண்பகலில் ஏற்றித் தொட்டியில் நிறைத்தால் மாலையில் பம்பு ஓட வேண்டுவதில்லை. மாவரைவை ஆலையும் தையற்கூடமும் பகலிலேயே வேலையை முடிக்கலாம். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள பாலராமபுரத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, பாலராமவர்மா மன்னர் காலத்தில், நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் வளர்த்த நெசவு அது. 2009 இல் புவிசார் குறியீடும் பெற்றது. குழித்தறியில் கையால் நெய்வதே அதன் சிறப்பாதலால் தறிக்கு மோட்டார் பூட்டுவது அந்தச் சிறப்பையே அழித்துவிடும். ஆனால் தார் சுற்றுவதற்கும், குழியில் அமர்ந்து நெய்பவருக்கு நல்ல வெளிச்சமும் காற்றும் தருவதற்கும் பகல்நேர மின்சாரம் பேருதவியாகும். சுற்றிய தார் மாலைவரை காத்திருக்கும்.

இதற்கான வழி இன்று எட்டாததன்று. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைகளைக் குறிக்கோளாகக் கொண்டது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு மானியம் 78,000 ரூபாய் என அதில் வகுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற கூரை வேண்டும்; வெயிலுள்ள நாளில் ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். எனினும் மானியம் போக எஞ்சிய தொகையைக் குடும்பமே தேட வேண்டும். ஓட்டு வீட்டில் வாழும் கூலித் தொழிலாளிக்கும், தென்னை நிழல் மூடிய சிறு மனைக்காரருக்கும் இத்திட்டத்தின் பயன் எளிதில் சென்று சேர்வதில்லை. ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ பொதுக் கட்டடத்தின் கூரையில் அமைத்து, அதன் கீழ்ப் பொதுத் தொழிற்கூடம் நடத்துவதே அவர்களுக்கு ஏற்ற முறையாகும்.

வெளியூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழ் மக்கள் இவ்விடத்தில் சிந்திக்க வேண்டியவை மூன்று. கூரையில் விளையும் மின்சாரம் எந்த வேலைக்குப் பயன்படும்? அவ்வேலையைப் பகலுக்கு மாற்ற இயலுமா? பழுது நேர்ந்தால் அருகிலிருந்து பார்ப்பவர் யார்? பூட்டிய வீட்டின் மேல் வைத்த தகடு கட்டணத்தைக் குறைக்கலாம். ஒரு தொழிலோடு இணைத்த தகடோ ஊரில் ஒருவருக்குக் கூலி வேலை தரும். அந்த ஒருவர் பிழைப்பைத் தேடி அடுத்த ரயிலேற வேண்டிய நிலை தவிர்க்கப்படுமாயின், அதுவே மின்சக்திக் கொள்கை ஈட்டித் தரும் மெய்யான செல்வம் எனக் கொள்ளலாம்.