‘கடல்’: காட்சி பிரமாதம், கதை எங்கே சறுக்கியது?

திசையன்விளையிலிருந்து கிழக்கே போனால் வரும் கடற்கரை ஊர் மணப்பாடு. மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) படமாக்கப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. ராஜீவ் மேனன் கேமராவில் மணல்மேடு, அலை, புயல் எல்லாமே வேற லெவல். ரஹ்மான் பாடல்களும் ஹிட். அப்புறம் ஏன் படம் ஓடவில்லை?

கதை ஜெயமோகனுடையது. ஃபாதர் சாம் (அரவிந்த்சாமி) நன்மை, பெர்க்மான்ஸ் (அர்ஜுன்) தீமை. நடுவில் மாட்டிக்கொள்கிறான் தாயில்லாப் பிள்ளை தாமஸ் (கவுதம் கார்த்திக்). முதல் பாதியில் அவன் வலி நம்மைத் தொடுகிறது. அடுத்த பாதியில் ஆட்கள் பின்னால் போய், ‘சாமியா, சாத்தானா’ என்ற வாதம் முன்னால் வந்துவிடுகிறது. மீன் விலை, கடன், கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்ற பயம் எல்லாம் ஓரமாகவே நிற்கின்றன.

பார்க்கலாமா? கேமராவுக்கும் முதல் பாதிக்கும் கண்டிப்பா பார்க்கலாம். கடற்கரை மக்களின் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்க இது மட்டும் போதாது.