பிரஷர் இறங்க எத்தனை நாள்?

"பிரஷர் கூடிட்டு, டக்கெண்டு இறக்க என்ன வழி?" சந்தியிலும் கலியாண வீட்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலும் உடனே வரும். ஒருவர் பச்சை உள்ளி என்பார், இன்னொருவர் முருங்கையிலைத் தண்ணி என்பார், மூன்றாமவர் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய குளிசையையே எடுத்து நீட்டுவார். கேள்வி நியாயமானது. ஆனால் 'டக்கெண்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லால் நன்மை அடைந்தவர்களும் உண்டு, கட்டிலில் விழுந்தவர்களும் உண்டு.

உயர் குருதி அமுக்கம் என்பது ஒரு நாளில் வந்த வருத்தமல்ல. இதயம் தள்ளிவிடும் இரத்தம் குழாய்ச் சுவரில் கொடுக்கும் அழுத்தம் ஆண்டுக்கணக்காகக் கூடி நிற்பதுதான் அது. கிளினிக்கில் 140க்கு 90, வீட்டில் அளந்தால் 135க்கு 85. இந்த அளவிலோ இதற்கு மேலோ தொடர்ந்து நின்றால் அதை நோய் என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது இருக்கிறது. "எனக்குத் தல சுத்தல் இல்ல, பிடரி வலி இல்ல, அப்ப பிரஷரும் இல்ல" என்று சொல்பவர்களே அதிகம். பெரும்பாலானோருக்கு எந்த அடையாளமும் தெரியாது. முதல் அடையாளமே பாரிசவாதமாக அல்லது ஹார்ட் அட்டாக்காக வந்து விடுவதுதான் இதன் கொடுமை.

மணிக்கணக்கில் இறக்கக் கூடாது

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே நிபெடிபின் என்ற மருந்துக் கூட்டைக் கடித்து நாக்கின் அடியில் வைக்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் இலக்கம் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படித் திடீரென்று இறங்கியபோது சிலருக்கு மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் குறைந்து, பாரிசவாதமும் மாரடைப்பும் வந்தன. 1990களின் நடுவில் இந்த வழக்கம் ஆபத்தானது என்று மருத்துவ உலகம் கைவிட்டது. காரணம் எளிது. நெடுநாள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக் குழாய்கள் சடுதியான வீழ்ச்சியைத் தாங்காது. ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடுவதும், சொந்தக் குளிசையை இரண்டாக்கிப் போடுவதும் வேண்டாம்.

180க்கு 120 என்ற அளவுக்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளக்கவும். அப்போதும் அப்படியே நின்றால் அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குளறல், கண் மங்கல் ஏதும் இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இரண்டு வாரத்தில் இறங்கும்

அப்படியென்றால் வேகமாக இறக்க வழியே இல்லையா? இருக்கிறது. மணிக்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில். இதற்கு நல்ல சான்று 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டாஷ்' என்ற ஆய்வு. 459 பேருக்கு எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால், பருப்பு வகை கூடிய உணவு. உப்பின் அளவையும் உடல் நிறையையும் மாறாமல் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் இலக்கம் சராசரியாக 11 அளவில் குறைந்தது. குளிசை ஒன்று செய்யும் வேலைக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த இறக்கம் இரண்டே வாரத்தில் தெரிந்தது. 2001இல் வந்த இரண்டாவது ஆய்வில் உப்பையும் குறைத்துப் பார்த்தார்கள். உப்பைக் குறைக்கக் குறைக்க அழுத்தமும் படிப்படியாக இறங்கியது.

உப்பு ஏன் இவ்வளவு செய்கிறது? உப்பில் உள்ள சோடியம் உடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குழாய்க்குள் ஓடும் அளவு கூடும், சுவரும் இறுகும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். பழத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குத் துணை செய்கிறது. ஆகவே உப்பைக் குறைப்பதும் கீரையைக் கூட்டுவதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

உப்புப் பக்கற்றில் திகதி எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. "நாங்க அவ்வளவு உப்புப் போடுறதே இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். வாதம் வேண்டாம், கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 750 கிராம்தான் எல்லை. அதிலும் பாண், கருவாடு, சூப் கட்டி, கடைச் சாப்பாடு வழியாக வரும் உப்பும் சேர வேண்டும். புதுப் பக்கற் உடைக்கும் நாளில் அதன் மேல் பேனையால் திகதி எழுதி வையுங்கள். ஒரு கிலோ எத்தனை நாளில் முடிகிறது என்று தெரிந்தால் உண்மை தெரிந்து விடும்.

நம் சமையலில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, ஊறுகாய், சோயா சோஸ் ஊற்றிய கொத்து, பொரியல் கடைக் கோழி, மிக்சர். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நேரத்துச் சாப்பாட்டில் உப்பு மிகுந்தது ஒன்றுதான் இருக்கட்டும். கருவாடு இருந்தால் அன்று அச்சாறு வேண்டாம். சோறு வேகும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை விடலாம். தேசிக்காய், கொறுக்காய், மிளகு, கறிவேப்பிலை, இஞ்சி, உள்ளி கூடும்போது ஆணத்தில் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. சில வாரத்தில் நாக்கும் பழகி விடும், பிறகு பழைய அளவே கரிக்கும்.

பொட்டாசியம் கலந்த உப்பும் விற்பனைக்கு வருகிறது. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், அதைப் பாவித்தவர்களுக்குப் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூடாது. லொசார்டன், எனலபிரில் போன்ற குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீரக நோய் பரவியுள்ள வடமத்திய மாகாணத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம்.

நடை, நிறை, புகை

கிழமையில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் இலக்கம் 5 முதல் 8 வரை இறங்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. வீட்டை விட்டு வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் முற்றத்திலோ மாடியிலோ பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்குத்தான். நிறை கூடியவர்களுக்கு, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்று குறையும். சிகரெட்டையும் புகையிலை போட்ட வெற்றிலையையும் விட வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்குபவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனக், இபுபுரோபன் குளிசைகள் பிரஷரை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது.

இவற்றால் 5 இலக்கம் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம்? மேல் இலக்கம் 5 குறைந்தாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய விபரீதங்கள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டிய 2021ஆம் ஆண்டுக் கணிப்பு காட்டியது.

குளிசை எதிரியல்ல

உணவை மாற்றி இலக்கம் இறங்கியதும் "இனி மருந்து தேவல்ல" என்று நிறுத்தி விடுவதுதான் நம்மிடையே நடக்கும் பெரிய ஆபத்து. சில குளிசைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பை விட மேலே பாயும். இலக்கம் இறங்கியதென்றால் கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள், அவர் அளவைக் குறைப்பார். நம் நாட்டின் ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மருந்தைச் சிறு அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 வீதமானோர் இலக்கை அடைந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் அது 55 வீதம். மருந்தும் சாப்பாடும் ஒன்றுக்கொன்று துணை, மாற்று அல்ல.

நோன்பு காலத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. நோன்பினால் பிரஷர் சற்றே குறைவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நோன்பு திறந்ததும் ரோல்ஸ், சமோசா, உப்புக் கூடிய கஞ்சி என்று தொடர்ந்தால் கிடைத்த பலன் போய் விடும். பகல் குளிசையை எவ்வாறு ஸஹருக்கும் இரவுக்கும் மாற்றுவது, சிறுநீர் போக்கும் குளிசையை எப்போது எடுப்பது என்பதை நோன்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும்.

அளக்கும் முறை

எதையும் தொடங்க முன்னர் சரியாக அளவுங்கள். தேத்தண்ணி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்து விட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் இருக்கட்டும், பட்டி சட்டைக்கு மேலே வேண்டாம். காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டு மிச்சத்தின் சராசரியை எடுங்கள். வீட்டில் கருவி இல்லாதவர்களுக்கு எம்.ஓ.எச். பிரிவுகளில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

இன்றைக்கு ஒரு வாரச் சராசரி, உப்பும் சாப்பாடும் மாற்றி இரண்டு வாரம் கழித்து இன்னொரு சராசரி, நடையும் சேர்ந்து மூன்று மாதத்தில் மற்றொன்று. மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் நாற்பது தாண்டிய எல்லோரையும், ஒரு வருத்தமும் இல்லை என்பவரையும் சேர்த்து, இந்த மாதமே ஒரு தடவை அளந்து விடுங்கள்.