செயின்ட் ஆண்ட்ரூஸும் அப்பாவும்: குலுக்கலில் பெயர் விழாத ஒரு கோல்ஃப் பயணம்

போன எபிசோடுல "வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வெளிநாடு போறது எப்படி"ன்னு பேசினப்போ, நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டீங்க: "நீங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த கோல்ஃப் ட்ரிப் என்ன ஆச்சு?" சரி, இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். நான் பண்ண தப்பையும் சேர்த்து.

முதல்ல அப்பாவைப் பத்தி. அவர் வேலை பார்த்தது முழுக்க தேயிலை எஸ்டேட்ல. வால்பாறை, அப்புறம் குன்னூர். வெள்ளைக்கார துரைங்க விட்டுட்டுப் போன பழக்கம்னு மலையில கோல்ஃப் ஒட்டிக்கிட்டு இருக்கும் இல்லையா, அப்படித்தான் அவருக்கும் வந்தது. முப்பது வயசுல ஆரம்பிச்சார், இப்போ 61. வருஷா வருஷம் ஜூலையில ஓப்பன் சாம்பியன்ஷிப் டிவியில வந்தா வீட்டுல வேற சேனல் கிடையாது. அதுலயும் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல நடந்தா சாப்பாடே டிவி முன்னாடிதான். ரிட்டயர் ஆனப்போ, "ஒரு தடவை ஓல்ட் கோர்ஸ்ல ஆடணும்"னு சொன்னார். கேட்கலை, சும்மா சொன்னார். ஆனா அவர் எதையும் சும்மா சொல்ற ஆள் இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்தோட கிழக்குக் கடற்கரையில இருக்குற சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் 1413ல தொடங்கின யூனிவர்சிட்டி, நடுவுல கோல்ஃப். ஆறு நூற்றாண்டா அங்கே மணல்மேட்டுப் புல்லுல பந்து அடிச்சிட்டு இருக்காங்க. ஒரு ரவுண்டுன்னா 18 குழின்னு உலகம் முழுக்க இருக்கே, அந்தக் கணக்கே இங்கேருந்துதான் வந்தது. 1764 வரைக்கும் இங்கே ஒரு ரவுண்டுன்னா 22 குழி. சில குழிகளை ஒண்ணா சேர்த்தாங்க, 18 ஆச்சு. அதையே மத்தவங்களும் பிடிச்சிக்கிட்டாங்க.

இப்போ முக்கியமான விஷயம். இவ்வளவு பெருமை இருக்குற இடம்னா யாரோ பெரிய கிளப்போட சொத்துன்னு நான் நினைச்சேன். இல்லை. அந்தக் கல் கட்டடம் இருக்கே, ஆர் அண்ட் ஏ கிளப்ஹவுஸ், அது 1754ல தொடங்கின கிளப்போடது. மைதானம் அவங்களோடது இல்லை. அது பொது நிலம். 1974ல நாடாளுமன்றச் சட்டப்படி அமைஞ்ச ஒரு டிரஸ்ட் ஏழு மைதானங்களைப் பார்த்துக்குது. ஓல்ட், நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், குழந்தைகளும் புதுசா ஆடுறவங்களும் போற ஒன்பது குழி பால்கோவ், 2008ல திறந்த காசில். இதுல நியூ கோர்ஸ்னா 1895ல வந்தது. அந்த ஊர்ல அதுதான் புதுசு! (சிரிப்பு)

பொது நிலம்ங்கிறதால யார் வேணா ஆடலாம். நம்ம ஊர்ல கிளப் மெம்பரா இருக்கணும், மெம்பரோட விருந்தாளியா இருக்கணும்னு இருக்குற மாதிரி கிடையாது. ஆனா உலகம் முழுக்க ஆட வர்றதால, யாருக்கு எப்போ நேரம் கிடைக்கும்ங்கிறதுதான் சிக்கல். பயணத் திட்டமே அதைச் சுத்தித்தான் போடணும்.

ஓல்ட் கோர்ஸ்ல இடம் பிடிக்க வழிகள் இருக்கு. முந்தின வருஷம் ஆகஸ்ட் கடைசி வாக்குல அட்வான்ஸ் விண்ணப்பம் திறப்பாங்க, அது ஒண்ணு. அங்கீகாரம் உள்ள டூர் நிறுவனங்கள் ஹோட்டலோட சேர்த்து உறுதியான நேரம் விக்கிறாங்க, அது ஒண்ணு. அந்த விலை நமக்கு ஆகாது, அதை விட்டுடுவோம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இருக்குறது பேலட். அதாவது தினசரி குலுக்கல். நீங்க ஆட நினைக்கிற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மதியம் 2 மணிக்குள்ள பேர் குடுக்கணும். சாயங்காலம் முடிவு வரும். காசு தர வேண்டாம், இடம் விழுந்தா மட்டும் கட்டணம். நான் இதைப் படிச்சிட்டு, "அட, அஞ்சு நாள் தங்கினா ஒரு நாளாவது விழாதா"ன்னு டிக்கெட் போட்டுட்டேன். சென்னையிலேருந்து வளைகுடா வழியா எடின்பரோ. அங்கேருந்து லூகர்ஸ் ஸ்டேஷனுக்கு ட்ரெயின்ல ஒரு மணி நேரம். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ரயில் கிடையாது, லூகர்ஸ்ல இறங்கி 99ஆம் நம்பர் பஸ் பிடிச்சா கொஞ்ச நேரத்துல ஊர்.

டிக்கெட் போட்டு முடிச்ச பிறகுதான் அடுத்த வரியைப் படிச்சேன். பேலட்ல குறைஞ்சது ரெண்டு பேர், அதிகபட்சம் நாலு பேர் சேர்ந்துதான் பேர் குடுக்கணும். அப்பா ஒருத்தர். அம்மா ஆட மாட்டாங்க. நான் அப்பா பின்னாடி பை தூக்கிட்டுப் போனதோட சரி. அது மட்டும் இல்லை, ஆடுற ஒவ்வொருத்தருக்கும் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 36 அல்லது அதுக்குக் கீழே இருக்கணும், அத்தாட்சியும் காட்டணும்.

ஹேண்டிகேப் தெரியாதவங்களுக்கு: நீங்க எவ்வளவு நல்லா ஆடுறீங்கன்னு சொல்ற ஒரு எண். சின்னதா இருந்தா நல்லா ஆடுறீங்கன்னு அர்த்தம். புதுசா ஆடுறவங்களுக்கு அதிகபட்சம் 54 வரைக்கும் போகும். அப்பாவுக்கு 19. எனக்கு எண்ணே இல்லை. ஆனா அது வாங்குறது பெரிய மலை இல்லை. ஒரு கிளப் மூலமா 54 குழி ஆடின ஸ்கோர் குடுத்தா போதும், அதாவது மூணு முழு ரவுண்டு. பயணத்துக்கு மூணு மாசம் இருந்தது. "நானே ஆடுறேன்ப்பா"ன்னு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதில் சொல்லலை. மறுநாள் காலைல அஞ்சரை மணிக்கு என் ரூம் கதவைத் தட்டினார்.

ஞாயிறு, புதன்னு காலையில போய் ஆடினேன். தரையை அடிச்சேன், மரத்தை அடிச்சேன், ஒரு தடவை பக்கத்து டீயில நின்னவரோட பையை அடிச்சேன். மூணு ரவுண்டு முடிஞ்சு வந்த எண் 43. இன்னும் ரெண்டு ரவுண்டு ஆடிப் பார்த்தேன், 42. கிளம்புற நாள் வந்துடுச்சு. ஆக பேலட் கதவு மூடினது என்னாலதான். விசா அட்டை வந்த அன்னைக்கு சந்தோஷப்பட வேண்டியவ, அந்த எண்ணைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் இருந்த வழி, தனியா வர்றவங்களுக்கான குலுக்கல். ரெண்டு பேர், மூணு பேரா போற குழுக்கள்ல காலி இடம் இருந்தா தனி ஆளைச் சேர்த்துப்பாங்க. முன்னாடியெல்லாம் இதுக்கு ராத்திரி முழுக்க ஓல்ட் பெவிலியன் வாசல்ல க்யூ நிப்பாங்க. குளிர்ல, போர்வையோட, ரஜினி படம் முதல் ஷோ மாதிரி. 2024லேருந்து அதை நிறுத்திட்டு, முந்தின நாள் பகல்ல நேர்ல வந்து பேர் பதியிற முறை கொண்டுவந்துட்டாங்க. ஹேண்டிகேப் அத்தாட்சியும் போட்டோ ஐடியும் கையில இருக்கணும். ஊர்ல இருந்தாதான் பதிய முடியும், சென்னையில உட்கார்ந்து போன்ல பண்ண முடியாது. 61 வயசு ஆளை ராத்திரி ரோட்டுல நிக்க வைக்க வேண்டாம்ங்கிறது ஒரு நிம்மதி.

2025 ஜூன். செவ்வாய் ராத்திரி போய்ச் சேர்ந்தோம். "ராத்திரி"ன்னு சொல்றேன், பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருந்தது. அம்மாவுக்கு அதுவே பிடிக்கலை, "விளக்கு வைக்கிற நேரம் எப்போடி வரும்"னு கேட்டுட்டே இருந்தாங்க. தங்கினது யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல. கோடை விடுமுறையில மாணவர் விடுதி அறைகளை வாடகைக்கு விடுறாங்க. கோர்ஸைப் பார்த்த மாதிரி இருக்குற ஹோட்டல் ரேட்டைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். இன்னொரு விஷயம், கோல்ஃப் கிளப் செட்டைச் சென்னையிலேருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் சொந்தமா இருக்கட்டும். ஸ்வெட்டர், மழைச்சட்டை ரெண்டும் ஜூன்லயும் வேணும். கடல்லேருந்து 'ஹார்'னு ஒரு பனிமூட்டம் திடீர்னு ஏறும், பத்து நிமிஷத்துல நீங்க அடிச்ச பந்து உங்களுக்கே தெரியாது.

புதன் காலைல முதல் வேலையா பதிவு. அன்னைக்கு அப்பா நியூ கோர்ஸ் ஆடினார். இதுக்கு ஹேண்டிகேப் அத்தாட்சி வேண்டாம். ஓல்ட் கோர்ஸுக்கு அந்த சீசன்ல 340 பவுண்ட், நம்ம காசுக்கு 39 ஆயிரத்துக்கும் மேல. நியூ கோர்ஸ், ஜூபிலி எல்லாம் அதுல பாதிக்கும் குறைவு. அதே மணல், அதே காத்து, ஓல்ட் கோர்ஸுக்கு ஒட்டினாப்புல. சாயங்காலம் முடிவு வந்தது, இல்லை. வியாழன் ஜூபிலி ஆடினார், பதிவு பண்ணோம், இல்லை. வெள்ளி மூட்டு வலி, ஓய்வு. பதிவு மட்டும் பண்ணோம். இது கடைசி வாய்ப்பு, சனிக்கிழமைக்கானது. ஏன்னா ஞாயிறு ஓல்ட் கோர்ஸ் மூடியிருக்கும், திங்கள் காலைல எங்களுக்கு ஃப்ளைட்.

அந்த வெள்ளி மதியம் மூணு பேரும் 'ஹிமாலயாஸ்' போனோம். மேடு பள்ளமா இருக்குற பெரிய புட்டிங் புல்வெளி. 1867ல பெண்கள் தொடங்கின கிளப்போடது. கையைத் தோளுக்கு மேல தூக்கி வீசுறது பெண்களுக்கு அழகில்லைன்னு நினைச்ச காலம், அதனால உருட்டி விடுற ஆட்டம் மட்டும் அவங்களுக்கு. ஆர் அண்ட் ஏ கிளப் பெண்களை உறுப்பினரா சேர்த்துக்க 2014 வரைக்கும் ஆச்சு. ஹிமாலயாஸ்ல வெளியூர்க்காரங்க சில பவுண்ட் குடுத்து ஆடலாம். புடவை மேல ஸ்வெட்டர் போட்டுட்டு அம்மா ஆடினாங்க. அப்பாவை ஜெயிச்சாங்க. கேரம் ஆடுற கை அது.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. நான் படிச்சிட்டு போனைத் திருப்பி வெச்சேன். அப்பா முகத்தைப் பார்த்தே புரிஞ்சிக்கிட்டார். "விடும்மா, நியூ கோர்ஸே நல்லாத்தான் இருந்துச்சு"ன்னார். அந்த ரெண்டாவது பெண்ட் மட்டும் 42க்குப் பதிலா 36ஆ இருந்திருந்தா தினமும் ரெண்டு குலுக்கல்லயும் இருந்திருப்போம்னு எனக்கு ஓடிட்டே இருந்தது. ரெண்டு பேர் சேர்ந்து பேர் குடுத்தாலும் விழும்னு உத்தரவாதம் இல்லை. இருந்தாலும்.

சனிக்கிழமை ஊரைச் சுத்தினோம். சவுத் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய கட்டடம் முன்னாடி அப்பா நின்னுட்டார். அதோட பேர் மெட்ராஸ் காலேஜ். நிஜமாத்தான்! இந்த ஊர்ல பிறந்த ஆண்ட்ரூ பெல் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில சென்னையில ஒரு அநாதைப் பள்ளியைப் பார்த்துக்கிட்டவர். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்த்து, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்குடுக்குற முறையை வளர்த்தார். 'மெட்ராஸ் முறை'ன்னே அதுக்குப் பேர். அவர் விட்டுட்டுப் போன பணத்துல 1830கள்ல வந்த பள்ளி. இப்போ பள்ளி வேற இடத்துக்கு மாறிடுச்சு, பேர் மாறலை. அம்மா அந்தப் பேருக்குக் கீழே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. தெருமுனையில ஃபிஷர் அண்ட் டொனால்ட்சன் பேக்கரியில ஃபட்ஜ் டோனட் சாப்பிடாம வராதீங்க, அது தனி.

ஞாயிறு. நீங்க ட்ரிப் போட்டா ஒரு ஞாயிறை கட்டாயம் உள்ளே வையுங்க. ஓல்ட் கோர்ஸ்ல அன்னைக்கு ஆட்டம் இல்லை, அது ஊருக்கான பூங்கா. நாய், குழந்தை, தள்ளுவண்டி எல்லாம் ஃபேர்வே மேல. உங்களுக்கு ஓய்வு வேண்டாம்னாலும் புல்லுக்கு வேணும்னு, 19ஆம் நூற்றாண்டுல மைதானத்தைப் பார்த்துக்கிட்ட ஓல்ட் டாம் மோரிஸ் சொன்னதா ஊர்ல கதை.

டிக்கெட் இல்லை, குலுக்கல் இல்லை. அப்பா முதல் டீயிலேருந்து நடக்க ஆரம்பிச்சார். அவருக்குத் தெரியாத இடமே அங்கே இல்லை. ஏழு கிரீன்கள்ல ரெண்டு ரெண்டு குழி, அந்த ரெண்டு எண்ணையும் கூட்டினா 18 வரும், ரெண்டாவதும் பதினாறாவதும், மூணாவதும் பதினஞ்சாவதும்னு சொல்லிட்டே வந்தார். மூட்டு வலி எங்கே போச்சுன்னு தெரியலை. பதினாலாவதுல ஹெல் பங்கர் கரையில உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். டிவியில பள்ளமாத் தெரியும், நேர்ல அது கிணறு.

பதினேழாவது கிரீன் பக்கத்துல ரோடு ஹோல் பங்கர். 1978 ஓப்பன்ல ஜப்பான்காரர் நகாஜிமா கிரீனுக்கு வந்து சேர்ந்த பிறகு, புட் பண்ண பந்து உருண்டு இதுக்குள்ள விழுந்தது. வெளியே எடுக்க அடிச்சு அடிச்சு, அந்த ஒரு குழிக்கு 9 ஆச்சு. அப்பா கையில குடையைக் கிளப் மாதிரி பிடிச்சு, எந்தக் கோணத்துல அடிச்சிருக்கணும்னு காட்டினார். ஒரு தடவை வீசினார். நின்னார். இன்னொரு தடவை வீசினார். நாய் கூட்டிட்டு வந்த ஒரு பாட்டி நின்னு பார்த்துட்டு, தலையை ஆட்டிட்டுப் போனாங்க. நான் கொஞ்சம் தள்ளியே நின்னேன்.

ஸ்வில்கன் பாலத்துல போட்டோ எடுக்க வரிசை இருந்தது, நின்னோம்.

திட்டம் போடுறவங்களுக்கு ஒரு விஷயம்: தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி மைதானத்தோட காலண்டரைப் பாருங்க. அக்டோபர் தொடக்கத்துல டன்ஹில் போட்டி வரும். 2027ல ஓப்பனே அங்கே திரும்ப வருது, அந்த ஜூலையை மறந்துடுங்க. ஓல்ட் கோர்ஸ்ல நடந்துதான் ஆடணும், மருத்துவக் காரணம் இல்லாம பக்கி வண்டி கிடையாது, அதனால முழங்கால் பிரச்சினை இருந்தா முன்னாடியே டாக்டரைப் பாருங்க.

வந்து நாலு மாசம் ஆச்சு. புதனும் ஞாயிறும் காலைல அஞ்சரைக்குக் கதவு தட்டுற சத்தம் இன்னும் கேட்குது. போன வாரம் ரவுண்டு முடிஞ்சு கார்ல வர்றப்போ அப்பா, "இப்போ உன் நம்பர் எவ்வளவு?"ன்னு கேட்டார்.

39.2ன்னேன்.

"ம்"னார். அடுத்த சிக்னல்ல, "அந்த ஆகஸ்ட் விண்ணப்பம்னியே, அது எந்தத் தேதி?"