இருசக்கர வாகனத்தில் ஆளும் சுமையும் ஏற்றுதல்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் வேலைக்கு வருவோர் பலர் இருசக்கர வாகனத்தில் வருகின்றனர். சரக்கு லாரிகள் ஓடும் இச்சாலையில் சிறு தடுமாற்றம்கூட உயிரைப் பறிக்கும். எனவே வண்டியில் யார், எங்கே அமர்கிறார், சுமை எங்கே இருக்கிறது என்பவை முக்கியமாகின்றன.

எடை கூடும்போது நிகழ்வது

100 சிசி வண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. தலா 65 கிலோ எடையுள்ள இருவர் ஏறினாலே 130 கிலோ ஆகிறது. அதாவது, ஏறியவர்கள் வண்டியைவிடக் கனமானவர்கள். பின்னால் இருப்பவரின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மீது விழுவதால், வண்டியின் ஈர்ப்பு மையம் பின்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்கிறது. வழக்கமான அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடியே நிற்கும்.

மூன்றாவது நபர் ஏறினால் அவர் பின்சக்கர அச்சின் மேலோ அதற்குப் பின்னாலோ அமர நேரிடும். அப்போது முன்சக்கரத்தின் தரைப்பிடிப்பு குறையும். ஓட்டுநரும் பெட்ரோல் டேங்க் மீது நெருக்கப்படுவதால் கைப்பிடியைத் தேவையான அளவு திருப்ப முடியாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128இன்படி ஓட்டுநரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம். மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் மிதி, ஆடை சிக்காதபடி பின்சக்கரத் தடுப்பு ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையுடன் செல்லும்போது பாதுகாப்புப் பட்டை தேவை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பின்னால் அமர்பவர் கவனிக்க வேண்டியவை

இருபுறமும் கால் போட்டு அமர்வதே உறுதியானது. வளைவில் ஓட்டுநர் சாயும் பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பாதை விலகும். சேலைத் தலைப்பு, துப்பட்டா ஆகியவற்றை இறுகச் செருகிக்கொள்வது அவசியம். அவை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் அணிந்தவர் கீழே இழுக்கப்படுவார்.

சுமை

சுமையைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் இருபுறமும் சமமாகவும் கட்ட வேண்டும். கைப்பிடியில் பை தொங்கவிட்டால் திருப்பும்போது அது ஊசலாடி வண்டியைத் தடுமாறச் செய்யும். இரும்புக் கம்பி, பைப் போன்ற நீண்ட பொருட்களைக் குறுக்காகப் பிடித்துச் செல்வது மிகவும் ஆபத்தானது. கடந்து செல்லும் லாரி அதன் முனையில் உரசினாலே வண்டி சுழன்று விழும். இவற்றைச் சரக்கு ஆட்டோவில் அனுப்புவதே முறை.

புறப்படும் முன்

தனியாகச் செல்லவும் இருவர் செல்லவும் வேண்டிய டயர் காற்றழுத்தம் உரிமையாளர் கையேட்டில் தனித்தனியே தரப்பட்டிருக்கும். அதன்படி காற்றடைத்து, கட்டிய கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.