11 நிமிடச் சுருளும் புதுக்கோட்டை ஜமாஅத்தும்

16 மில்லிமீட்டர் பிலிமில் 400 அடிச் சுருளைக் கேமராவில் மாட்டினால் 11 நிமிடம் ஓடும். அடிக்கு 40 படங்கள், நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் வருவது அது. போராட்டங்களை எப்படிப் படமெடுப்பது என்பதைப் பல ஆண்டுகள் இந்தக் கணக்கே தீர்மானித்தது.

ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜ் 1980இல் நண்பர்களோடு சேர்ந்து யுகாந்தர் என்ற படக்குழுவைத் தொடங்கியபோது கையில் இருந்தது இந்தப் பிலிம்தான். புனேயின் வீட்டு வேலைப் பெண்கள் சங்கமாகத் திரண்டதை 1981இலும், நிப்பாணியின் புகையிலை ஆலைப் பெண்களை 1982இலும் படமாக்கினார்கள். ஒளிப்பதிவு நவ்ரோஸ் கான்ட்ராக்டர்.

பிலிம் கேமராவில் பதிவது காட்சி மட்டும். பேச்சைத் தனி டேப் ரெக்கார்டரில்தான் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால், பத்தில் ஒரு நொடிப் பிசகிலேயே உதட்டசைவு ஒருபுறமும் சொல் மறுபுறமும் போய்விடும். இதற்குக் கிடைத்த தீர்வு அழகானது. குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால், தன் அளவுக்கும் வெட்டுக்கும் ஏற்ற சீரான வேகத்தில் அது அதிர்ந்துகொண்டே இருக்கும். கேமராவில் ஒன்று, டேப் ரெக்கார்டரில் ஒன்று. நடுவே கம்பியே இல்லாமல் இரண்டும் ஒத்து ஓடின. கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்வதும் குவார்ட்ஸ்தான். புதுக்கோட்டை வெள்ளாற்று மணலில் மினுங்குகிறதே, அதே கனிமம்!

காலத்தைப் படிகம் காத்தது. சுருளின் நீளத்தை அதனால் கூட்ட முடியவில்லை. ஊர்வலத்துக்கு 11 நிமிடம் போதும். மணமுறிவையும் அடி உதையையும் ஒரு பெண் அழுது, நிறுத்தி, மறுபடி சொல்லி முடிக்க எப்படிப் போதும்?

அப்படிச் சொல்லவே இடம் தராத சபையும் உண்டு. முஸ்லிம் குடும்ப வழக்குகளுக்கு ஆண்களே கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத்தில், தன் வழக்கிலேயே பெண் நேரில் பேச முடியாத நிலை இருந்தது. அதை எதிர்த்துப் புதுக்கோட்டையில் ஷரீபா கானம் முன்னின்று உருவாக்கியது தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். இரு வீட்டாரையும் அழைத்து விசாரிப்பது, பேசிப் பேசி முடிவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இதைப் பற்றித் தீபா தன்ராஜ் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ 2011இல் வந்தது. 86 நிமிடப் படம். 12 மாவட்டங்களில் 8,000க்கும் மேற்பட்ட வழக்குகளை இந்த ஜமாஅத் தீர்த்திருந்ததாகப் படத்தின் குறிப்பு சொல்கிறது.

அதற்குள் டிஜிட்டல் கேமராக்கள் வந்துவிட்டன. காட்சியும் குரலும் ஒரே கருவியில், மணிக்கணக்கில் பதிவாயின. ஆவணப்பட வேலையே மாறியது. சுருள் தீர்ந்துவிடுமே என்று பேச்சின் நடுவே கேமராவை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் கருவி தருவது நேரத்தை மட்டும்தான். அந்த நேரத்தில் குறுக்கிடாமல் காது கொடுப்பது இயக்குநரின் பண்பு. புகையிலை ஆலைப் பெண்களோடு பழகியே படமெடுத்தவருக்கு அது புதிதல்ல.

யுகாந்தர் படங்கள் இன்று டிஜிட்டலில் மீட்கப்பட்டிருக்கின்றன. புதுக்கோட்டைக் கல்லூரிகள் அவற்றையும் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ படத்தையும் சேர்த்துத் திரையிட வேண்டும். படம் முடிந்ததும் மாணவிகளைப் பேசவிடுங்கள், மணி பார்க்காமல்.